கண்ணுக்குத் தெரியாத பூச்சும் கணக்கில் விடுபட்ட செலவும்

பூவாரில் நெய்யாறு கடலோடு கலக்கும் பொழிமுகம் தொடங்கிப் பொழியூர், பாறசாலை, நெய்யாற்றின்கரை என விரியும் எல்லையோர ஊர்களில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு உப்புக்காற்றின் குணத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வண்ணம் பூசாத இரும்புக் கதவு நெடுநாள் தாங்காது என்பது இங்கே சிறுவருக்கும் தெரியும். ஒரு பொருளின் ஆயுள் அதன் மேற்பூச்சில் இருக்கிறது என்னும் பாடத்தை இக்கடற்கரை நாள்தோறும் நடத்திக்கொண்டிருக்கிறது.

அதே பாடத்தை நம் அடுக்களையும் நடத்தியது. பித்தளைப் பாத்திரத்தில் சமைத்த காலத்தில் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவார். பாத்திரத்தைச் சுட வைத்து, நவச்சாரம் தூவி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சால் உட்புறம் முழுதும் தேய்த்துப் பரப்புவார். பூச்சு நன்றாக இருக்கும்வரை குழம்பு குழம்பாக இருக்கும். எங்கேனும் அது தேய்ந்து பித்தளை தலைகாட்டினால் புளி அதைத் தின்னும். பச்சைக் களிம்பு குழம்பில் இறங்கும். பாத்திரம் கெட்டது என்பது உணவு கெட்ட பிறகே தெரியவரும்.

இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படுவது ஏறத்தாழ இதே சிக்கலைத்தான். கைப்பேசி, வாகனம், நம் சட்டைப்பையில் உள்ள வங்கி அட்டை ஆகிய அனைத்திலும் சில்லுகள் உள்ளன. அச்சில்லுகளைச் செய்யும் எந்திரங்களின் உள்ளுறுப்புகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு இடப்படுகிறது. அப்பூச்சு நன்றா, அன்றா என்பதை எவ்வாறு அறிவது? எங்கோ தொலைவில் நடக்கும் தொழில் என்று இதை ஒதுக்கிவிட இயலாதபடி, இதற்கான கடன் விண்ணப்பம் ஒன்று எங்கள் எல்லையோரக் கிளைக்கே வந்தது. அதனைப் பரிசீலித்தபோது நாங்கள் செய்த பிழையையும் மறைக்காமல் கூறுகிறோம்; பிறருக்கு அது பயன்படும்.

கலனும் குழம்பும்

சில்லுகள் சிலிக்கான் வில்லைகளின்மேல் உருவாக்கப்படுகின்றன. இன்றைய பெரிய ஆலைகளில் ஒரு வில்லையின் விட்டம் 300 மில்லிமீட்டர். நம் வீட்டுத் தோசையின் அளவு என்று கொள்ளலாம். அதன்மேல் படலம் படிய வைப்பதும், வேண்டாத பகுதியை அரித்தெடுப்பதும் எனப் பல நூறு படிகள் மாறிமாறி நிகழ்கின்றன.

அரித்தெடுக்கும் படி பெரும்பாலும் காற்று வெளியேற்றப்பட்ட ஒரு கலனுக்குள் நடைபெறும். ஃபுளோரின் அல்லது குளோரின் அடங்கிய வாயுவைச் சிறிதளவு செலுத்தி, உயர் அதிர்வெண் மின்னாற்றலால் அதனைப் பிளாஸ்மாவாக்குவர். அந்தப் பிளாஸ்மா சிலிக்கானைத் தின்னும். வில்லையை மட்டுமே தின்ன வேண்டும் என்று அதற்கு யார் கட்டளையிடுவது? கலனின் சுவர், வாயுவைப் பொழியும் துளைத்தட்டு, வில்லையைச் சூழ்ந்திருக்கும் வளையம் ஆகிய எல்லாவற்றையும் அது தாக்கும். தாக்குண்ட இடத்திலிருந்து உதிரும் துகள் வில்லையின்மேல் விழும்.

ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 அல்லது 80 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது 1,000 நானோமீட்டர். சில்லுகளின் நுண்கோடுகளோ சில பத்து நானோமீட்டர் அளவில் உள்ளவை. ஆகவே, கண்ணுக்கே புலப்படாத ஒரு மைக்ரான் துகளும் அங்கே பாதையில் உருண்டு விழுந்த பாறைக்கு ஒப்பாகும்; அது விழுந்த இடத்துச் சில்லு பயனற்றுப் போகும். பித்தளையைப் போலக் கலனும், புளியைப் போலப் பிளாஸ்மாவும், குழம்பைப் போல வில்லையும் இருப்பதைக் காண்கிறோம். இடையில் நின்று காப்பது பூச்சு ஒன்றே.

இருவகைப் பூச்சுகள்

முதல் வகை நமக்குப் பழக்கமானது. கடைகளில் 'ஹார்டு அனோடைஸ்டு' என்று விற்கப்படும் கருஞ்சாம்பல் நிற அலுமினியச் சட்டியைப் பலரும் பயன்படுத்துகிறோம். அலுமினிய உறுப்பைக் குளிரூட்டிய கந்தக அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு, அதனை நேர்மின்வாயாக்கி மின்சாரம் செலுத்தினால், அதன் மேற்பரப்பே கெட்டியான அலுமினிய ஆக்சைடாக மாறும். வண்ணத்தைப் போல வெளியிலிருந்து ஒட்டப்படுவதன்று இது. உலோகமே தன் மேனியை ஓடாக மாற்றிக்கொள்வது. உருவாகும் 50 மைக்ரான் படலத்தில் ஏறத்தாழப் பாதி வெளிப்புறம் வளரும்; மறுபாதி உறுப்பின் உட்புறம் இறங்கும். இந்த நுட்பம் பின்னர் கூறவிருக்கும் இழப்பை விளங்கிக்கொள்ள உதவும்.

இரண்டாம் வகையில் யிட்ரியம் ஆக்சைடு என்னும் வெண்பொடி பயன்படுகிறது. இதன் உருகுநிலை 2,400 டிகிரி செல்சியசுக்கும் மேல். பிளாஸ்மாச் சுடரில் இப்பொடியை உருக்கி, சொரசொரப்பாக்கிய பரப்பின்மீது வேகமாக வீசுவர். ஒவ்வொரு துளியும் தட்டையாகப் பரவி உறையும். அடைமேல் அடையாகப் படிந்து நூறு, இருநூறு மைக்ரான் தடிமன் சேரும். ஃபுளோரின் பிளாஸ்மாவுக்கு முன் இது அலுமினிய ஆக்சைடைவிட நெடுநாள் நிற்கும்.

யிட்ரியம் அருமண் தனிமங்களோடு சேர்த்து எண்ணப்படுவது. அருமண் என்றதும் நமக்கு மணவாளக்குறிச்சி நினைவுக்கு வரும். அங்கிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, 1909-இல் ஷோம்பர்க் என்னும் செருமானியர் மோனசைட்டைக் கண்டறிந்தார். 1950-இல் தொடங்கப்பட்ட இந்திய அருமண் நிறுவனம் இன்றும் அங்கே கனிம மணலைப் பிரித்தெடுக்கிறது. ஆயினும் நம் மோனசைட்டில் மிகுந்திருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்றவையே. யிட்ரியம் மிகச் சிறிதளவே உண்டு. உலகச் சந்தைக்கு அதனை வழங்குவதில் சீனா முதலிடம் வகிக்கிறது. 2025 ஏப்ரலில் அந்நாடு ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு தனிமங்களுள் யிட்ரியமும் ஒன்று. மூலப்பொருளை எவரிடமிருந்து, எத்தனை நாளில் பெறுவோம் என்பதும் இத்தொழிலின் இடர்களுள் அடங்கும்.

நன்று என்று எவ்வாறு அறிவது?

நல்ல பூச்சும் தீய பூச்சும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எனவே தரக் கட்டுப்பாடு என்பது பல சோதனைகளின் தொகுதியாக அமைகிறது.

தடிமனைச் சுழல் மின்னோட்ட அளவியால் உறுப்புக்குச் சேதமின்றி அளக்கலாம். பரப்பின் சொரசொரப்பை நுண்முள் ஒன்றை ஓடவிட்டு அறியலாம். இவை எளியவை. எஞ்சியவை கடினமானவை. மின்தாங்கு திறனை அறிய, பூச்சின்மீது மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, எந்த அளவில் அது துளைபடுகிறது என்று காண வேண்டும். அமிலத்தை எதிர்க்கும் திறனை அறிய, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பூச்சின்மேல் நிறுத்தி, அடியிலுள்ள அலுமினியத்தை எட்டி முதல் குமிழிகள் எழ எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிட வேண்டும். வெடிப்புகளையும் நுண்துளைகளையும் காண, குறுக்கே வெட்டி மெருகிட்டு மின்னணு நுண்ணோக்கியில் நோக்க வேண்டும். தெளித்த பூச்சின் ஒட்டுவலிமையை அறிய, பசையால் ஓர் உருளையை ஒட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். பசை முதலில் விட்டுவிட்டால், பூச்சின் வலிமை பசையின் வலிமையைவிடக் குறையாது என்று மட்டுமே சொல்லலாம்.

இச்சோதனைகள் எல்லாம் சோதிக்கப்படும் பொருளை அழித்துவிடும். விற்கவேண்டிய உறுப்பை வெட்டிப் பார்க்க இயலாதன்றோ? அதனால்தான் 'சாட்சித் துண்டு' என்னும் ஏற்பாடு உண்டு. அதே உலோகத்தில், அதே முறையில் கடைந்தெடுத்த சிறு துண்டு ஒன்றை உறுப்போடு சேர்த்து அதே தொட்டியில், அதே தாங்கியில் தொங்கவிடுவர். பின்னர் அத்துண்டை அழித்துச் சோதிப்பர். அது தரும் சாட்சியத்தின்மேல் உறுப்பு ஏற்கப்படும்.

இறுதியாகத் தூய்மை. மிகத் தூய நீரில் உறுப்பை மூழ்கவைத்து, மீயொலியால் அதிரச் செய்து, நீரில் உதிர்ந்த துகள்களை எண்ணுவர். பின்பு தூய அறையிலேயே இரட்டை உறையிட்டு மூடுவர். வெறுங்கையால் தொட்ட உறுப்பு கழிக்கப்பட்டதற்குச் சமம். ஏனெனில் வியர்வையில் உப்பு உண்டு. உப்பிலுள்ள சோடியம் சில்லுகளின் பழம்பகை. 1960-களில் டிரான்சிஸ்டர்கள் காரணமின்றி நிலைமாறித் தொல்லை தந்தபோது, ஆக்சைடு படலத்துக்குள் நகர்ந்து திரியும் சோடியம் அயனிகளே அதற்குக் காரணம் என்று அமெரிக்காவின் ஃபேர்சைல்டு ஆய்வாளர்கள் 1965-இல் விளக்கினர். கடற்கரையில் இத்தொழிலைத் தொடங்க நினைப்போர் இதை மறத்தலாகாது.

எங்கள் கிளையில் நடந்தது

வாடிக்கையாளர் ஒருவர் வளைகுடா நாட்டில் அலுமினியப் பூச்சுத் தொழிற்கூடத்தில் பல்லாண்டு பணியாற்றித் திரும்பியவர். பாறசாலைக்கு அருகே சிறு கூடம் அமைத்து, சன்னல் சட்டங்களுக்கும் படகு உதிரிகளுக்கும் பூச்சு இட்டுவந்தார். தவணை தவறியதில்லை. சில்லு எந்திரங்களுக்கு உறுப்பு கடைந்து தரும் நிறுவனம் ஒன்று மாதிரி வேலை கொடுக்க முன்வந்ததும், விரிவாக்கக் கடன் கேட்டு எங்களிடம் வந்தார்.

அவருடைய திட்ட அறிக்கையில் குளிரூட்டும் சாதனம், புதிய தொட்டி, மின்திருத்தி ஆகியவற்றோடு வேறு மூன்று இனங்களும் இருந்தன: சோதனைக் கருவிகள், நீர்த் தூய்மிப்பு நிலையம், வெளி ஆய்வகக் கட்டணம். இம்மூன்றையும் 'உற்பத்தி சாராச் செலவு' என்று கருதி, வருவாய் வரத்தொடங்கிய பின் பார்க்கலாம் என ஒத்திவைத்தோம். கடன் தொகை குறைந்தால் அவருக்கும் சுமை குறையும் என்பது எங்கள் எண்ணம். அவரும் மறுத்துப் பேசவில்லை.

முதல் தொகுதியில் பன்னிரண்டு உறுப்புகள் சென்றன; பன்னிரண்டும் திரும்பின. தடிமன் சரியாகவே இருந்தது. ஆனால் கூரான விளிம்புகளில் மின்தாங்கு திறன் மிகக் குறைவு. மேற்பரப்பில் சோடியமும் குளோரைடும் மிகுதி. முதலாவதற்குக் காரணம், படலம் பரப்புக்குச் செங்குத்தாக வளர்வது. கூர்முனையில் இருபுறப் படலங்களும் ஒன்றையொன்று விலகி வளர்வதால் இடையே வெடிப்பு விழுகிறது. விளிம்பைச் சிறிது உருட்டி வைத்தால் இது தீரும். இரண்டாவதற்குக் காரணம், கழுவப் பயன்பட்ட கிணற்று நீர். கடலோரக் கிணற்றின் உவர்ப்பைச் சன்னல் சட்டம் பொறுத்துக்கொண்டது. சில்லு எந்திரம் பொறுக்கவில்லை.

பூச்சைக் கரைத்துவிட்டு மீண்டும் இடலாமே என்று கேட்டோம். அப்போதுதான் இழப்பின் அளவு எங்களுக்கு விளங்கியது. படலத்தின் பாதி உறுப்பின் உலோகத்திலிருந்தே உருவானது. அதைக் கரைத்தால் உறுப்பு அந்த அளவுக்கு இளைத்துவிடும். குறித்த அளவுக்குள் மீண்டும் வராது. பூச்சுக் கூலியோ சிறு தொகை; கடைந்த உறுப்பின் விலையோ அதைப்போலப் பன்மடங்கு. பிறர் பொருளைக் கையில் வாங்கி வேலை செய்கிறவர், தம் கூலியை மட்டுமன்றி அப்பொருள் முழுவதையும் பணயம் வைக்கிறார்.

கிளைக்கு வந்து அமர்ந்த அவர் எவரையும் குறை கூறவில்லை. "கண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா நானே அனுப்பியிருக்க மாட்டேன், சார்" என்று மட்டும் சொன்னார். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவதற்காகவே அவர் கேட்ட கருவிகளை நாங்கள் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தோம்.

கோப்பை மீண்டும் எடுத்தோம். விடுபட்ட மூன்று இனங்களுக்கும் துணைக்கடன் வழங்கப்பட்டது. சாட்சித் துண்டும் இப்போது வெறும் தட்டைத் தகடாக இல்லை. உறுப்பில் உள்ளதைப் போன்ற விளிம்பும் துளையும் அதிலும் உண்டு. தட்டைத் துண்டு விளிம்பைப் பற்றிச் சாட்சி சொல்லாது என்பதை அவர் பட்டறிந்துகொண்டார். இரண்டாம் மாதிரித் தொகுதி ஏற்கப்பட்டுள்ளது. நிலையான ஆணை இன்னும் வரவில்லை; தவணையைச் சன்னல் சட்டங்களே சுமக்கின்றன.

ஏடும் வரைபடமும்

ஒருமுறை தேறுவது போதாது. ஒவ்வொரு முறையும் ஒரேபோல் தேற வேண்டும். அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்தைச் சார்ந்த வால்டர் ஷூஹார்ட் 1924-இல் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டார். ஒவ்வொரு தொகுதியின் அளவையும் ஒரு வரைபடத்தில் புள்ளியாக இட்டு, மேலும் கீழும் எல்லைக்கோடு வரைந்தார். 1947-48-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அழைப்பில் அவர் நம் நாட்டுக்கும் வந்து, இம்முறை இங்கே பரவத் துணைபுரிந்தார்.

ஓர் எடுத்துக்காட்டு. 50 மைக்ரான் வேண்டும்; 45 முதல் 55 வரை ஏற்கப்படும் என்க. அடுத்தடுத்த தொகுதிகள் 50, 51, 52, 53, 54 என அமைந்தால் ஐந்தும் தேறியவையே. ஆயினும் வரைபடத்தைப் பார்ப்பவர் இன்றே தொட்டியைச் சோதிப்பார். பாராதவர் ஏழாம் தொகுதி திரும்பிவந்த பின் சோதிப்பார். கணக்கில் நிலுவை மெல்லமெல்ல ஏறுவதைத் தவணை தவறுவதற்கு முன்பே கவனிக்கும் வங்கியாளருக்கு இது புதிதன்று.

இத்தொழிலில் மற்றொரு கண்டிப்பும் உண்டு. ஒப்புதல் பெற்ற முறையில் எதனையும் தாமாக மாற்றலாகாது. அமிலம் வாங்கும் கடையை மாற்றினாலும் முன்கூட்டி எழுதிக் கேட்க வேண்டும். இன்டெல் நிறுவனம் தன் ஆலைகள் அனைத்தையும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் நடத்தக் கையாண்ட 'காப்பி எக்ஸாக்ட்லி' என்னும் நெறி இதற்குப் பெயர்பெற்றது. மலிவாகக் கிடைத்ததென்று ஒன்றை வாங்கிச் சேர்க்கும் பழக்கம் உள்ளவருக்கு இது பொருந்தாத தொழில்.

வாய்ப்பும் ஆயத்தமும்

பூச்சு தேயும் இயல்புடையது. உறுப்புகள் குறித்த காலத்துக்கு ஒருமுறை கழற்றப்பட்டுத் தூய்மை செய்யப்பட்டு மறுபூச்சுக்கு வரும். ஆலை இயங்கும்வரை இவ்வேலை தொடரும். 2021 டிசம்பரில் நடுவண் அரசு குறைக்கடத்தித் தொழிலுக்கென 76,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2024 பிப்ரவரியில் குஜராத்தின் தொலேராவில் டாடா நிறுவனமும் தைவான் நாட்டு நிறுவனமும் இணைந்து அமைக்கும் ஆலைக்கு இசைவு கிடைத்தது. தமிழ்நாடு அரசு 2025-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் குறைக்கடத்தி இயக்கத்தை அறிவித்தது. நம் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் மொகாலி ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய 'விக்ரம் 3201' நுண்செயலியை நாடறியும்.

பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவாகி 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகப் பூச்சிலும் அரிமானத் தடுப்பிலும் நெடிய அனுபவம் உடையது. தெளிப்புப் பூச்சுகளில் ஐதராபாத்தின் பொடி உலோகவியல் ஆய்வு மையம் தேர்ந்தது.

இத்துறையிலோ இதனை ஒத்த துல்லியத் தொழிலிலோ இறங்க விரும்பும் வாடிக்கையாளர்கள், கடன் விண்ணப்பத்தோடு கீழ்க்கண்டவற்றுக்கு விடை எழுதிக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்:

• வாங்குபவர் கேட்கும் சோதனைகள் எவை? அவற்றுள் எவை நம் கூடத்தில், எவை வெளி ஆய்வகத்தில் நடைபெறும்? கருவிகளின் விலையைக் காலக் கடனிலும், சாட்சித் துண்டு, ஆய்வகக் கட்டணம் ஆகியவற்றை நடப்பு மூலதனத்திலும் தனித்தனியே காட்டுக.

• கழுவும் நீர் எங்கிருந்து வருகிறது? அதன் ஆய்வறிக்கை உள்ளதா?

• தொகுதி கெட்டால் உறுப்பின் விலையை யார், எந்த அளவுவரை ஏற்பது? இதனை ஒப்பந்தத்தில் எழுத்தில் பெறுக.

• பணம் எத்தனை நாளில் வரும்? உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏற்பு நாளிலிருந்து 45 நாள்களுக்கு மிகாமல் பணம் தரப்பட வேண்டும். ஒப்படைத்த 15 நாள்களுக்குள் எழுத்தில் மறுப்பு வராவிடில் சரக்கு ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். எனவே ஒப்படைத்த நாளுக்குச் சான்று வைத்திருங்கள்.

சொத்துப் பிணை இல்லாதோர் தயங்க வேண்டா. குறு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியத்தின் காப்பு 2025 ஏப்ரல் 1 முதல் 10 கோடி ரூபாய்வரை உயர்த்தப்பட்டுள்ளது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது: அவ்வுத்தரவாதம் வங்கிக்கு அளிக்கப்படுவது, வாங்கியவருக்குக் கடன் கடனே.

எங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. திட்ட அறிக்கையில் 'சோதனை' என்னும் இனத்தைக் கண்டால் இனி அதை வெட்டுவதற்குப் பேனாவை எடுப்பதில்லை. அது இல்லாத அறிக்கையைக் கண்டால்தான் ஏன் என்று கேட்கிறோம். ஈயம் பூசுகிறவரிடம் நம் பாட்டிமார் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்த பிறகே காசு கொடுத்தார்கள். வெளிச்சத்தில் தெரியாத பூச்சுக்கு, அந்த வெளிச்சத்தையும் சேர்த்தே கடனாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.